ரூ.35 ஆயிரத்துக்கு வாங்கிய பங்களாவும் காடும்! கிண்டிக்கு மான் பார்க்கப் போகும் சங்கராபுரம் ஜனங்கள்

சங்கராபுரம்,-

"கல்வராயன் மலைக்கு அடியிலே குடியிருந்துகிட்டு, மான் பார்க்க மெட்ராசுக்கா போறீங்க?"

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் சங்கராபுரம் டீக்கடை பெஞ்சுகளில் கேட்கிற கேலி இது. கேலி பண்ணுகிறவரே அடுத்த வாரம் பெண்டாட்டி, பிள்ளைகளோடு பஸ் ஏறுகிறார் என்பது வேறு விஷயம். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு கேஸ் என்று எதற்காகச் சென்னை போனாலும், பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிற இடம் கிண்டி. மலையிலே மான் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். கிண்டியில் டிக்கெட் வாங்கினால் நிச்சயம்!

ஆனால் மானைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பலருக்கு, தாங்கள் நின்றது ஒரு கவர்னரின் தோட்டம் என்பது தெரியாது.

வெள்ளைக்காரர் தோட்டம்

அந்தக் காலத்தில் மெட்ராஸ் கவர்னருக்கு இரண்டு வீடு. ஊருக்குள் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாளிகை. வெயிலும் தூசியும் தாங்காமல் போனால் குதிரை வண்டி ஏறி ஒதுங்குவதற்குக் கிண்டியில் ஒரு தோட்ட பங்களா. "கிண்டி லாட்ஜ்" என்று பெயர். சுற்றிலும் காடு. அது வேட்டைக்காடு.

இந்த எஸ்டேட் கில்பர்ட் ராடரிக்ஸ் என்ற வெள்ளைக்காரரிடம் இருந்தது. 1821-ம் ஆண்டு சர்க்கார் அதை 35 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. அப்போது கவர்னர் சர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தாரே, அதே மன்றோதான். தீவுத்திடலில் சேணம் இல்லாத குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்.

35 ஆயிரம் ரூபாய்க்கு இன்று கிண்டியில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்துகிற அளவு இடம்கூடக் கிடைக்காது.

சுதந்திரம் கிடைத்ததை ஒட்டி, ஓய்வு பங்களாவாக இருந்தது கவர்னரின் நிரந்தர வீடாகி "ராஜ்பவன்" ஆனது. மவுண்ட் ரோடு மாளிகையைப் புதிய சட்டசபைக் கட்டிடத்துக்காக இடித்துவிட்டார்கள். தோட்ட பங்களாதான் தப்பியது.

கேட்டுக்கு உள்ளே

ராஜ்பவன் கேட்டுக்குள் சாதாரண ஆள் எட்டிப் பார்ப்பது முன்பெல்லாம் நடக்காத காரியம். பன்வாரிலால் புரோகித் கவர்னராக இருந்தபோது, 2017-ல் பொதுமக்கள் முன்கூட்டியே பதிவு செய்து சுற்றிப் பார்க்க வழி செய்தார்கள். பெரிய பெரிய ஆலமரம், புல்வெளி, அதில் பயமில்லாமல் மேய்கிற மான்கள். உள்ளே இருக்கும் தர்பார் ஹாலுக்கு "பாரதியார் மண்டபம்" என்று 2023 ஆகஸ்டில் ஜனாதிபதி திரவுபதி முர்மு பெயர் சூட்டினார்.

அதே ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி ராஜ்பவன் மெயின் கேட் எதிரே பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போலீஸ் காவல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேட் முன்னால் நின்று செல்போனில் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஜாக்கிரதை!

கரைந்த காடு

1910-ம் ஆண்டு இந்தக் காட்டை ரிசர்வ் காடாக அறிவித்தபோது, பரப்பளவு 505 ஹெக்டேர். நம் கணக்குக்குச் சுமார் 1,250 ஏக்கர். பிறகு ஆரம்பித்தது பங்கு போடும் வேலை. ஐ.ஐ.டி.க்கு இடம் போனது. ராஜாஜி நினைவிடத்துக்கும் காமராஜர் நினைவிடத்துக்கும் இடம் போனது. 1961 முதல் 1977 வரையில் மட்டும் சுமார் 425 ஏக்கர் காடு கைமாறியது.

படிப்புக்கும் தலைவர்களுக்கும்தானே கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். மானுக்கு ஓட்டு இல்லையே!

இதற்கு நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. பிரதமர் நேரு வற்புறுத்தியதன் பேரில், 1958-ல் சிறுவர் பூங்காவுக்காக ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அதுதான் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிற 22 ஏக்கர் இடம். 1972-ல் பக்கத்தில் பாம்புப் பண்ணை வந்தது. 1978-ல் மிச்சமிருந்த காடு தேசியப் பூங்கா ஆனது. இப்போது அதன் அளவு 2.70 சதுர கிலோ மீட்டர், அதாவது சுமார் 667 ஏக்கர். நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அப்படியும் 350-க்கு மேற்பட்ட செடி, கொடி, மர வகைகள் இதற்குள் இருக்கின்றன.

கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் பிடி ஒழிந்தது 1976-ல். ஜாகீர்தாருக்கு வரி கட்டிய மலைவாசிகளின் கதை, 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தபோதுதான் மறுபடி பேப்பருக்கு வந்தது. துரை வீட்டுத் தோட்டமும் ஜாகீர் மலையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் சர்க்கார் கைக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்கின்றன.

முறுக்குக் கொம்பு

"ஏம்ப்பா, இந்த மானுக்கு மட்டும் கொம்பு முறுக்கிக்கிட்டு இருக்கே?"

"அது வேற சாதிடா கண்ணு. வெளிமான்."

கிண்டிக் காட்டின் ராஜா இந்த வெளிமான்தான். ஆண் மான் கறுத்து, வயிறு மட்டும் வெளுத்து, பார்க்க ஜோராக இருக்கும். வடக்கே நடிகர் சல்மான்கானை 1998 முதல் கோர்ட்டுக்கு அலைய வைத்ததும் இதே சாதி மான்தான். 2018-ல் ஜோத்பூர் கோர்ட்டு அவருக்கு 5 வருஷ ஜெயில் தண்டனை விதித்தது. அவர் ஜாமீனில் வந்து அப்பீல் செய்தார். வெளிமான் மேல் கை வைத்தால் சட்டம் அவ்வளவு கடுமை!

1948 முதல் 1952 வரை இங்கே கவர்னராக இருந்த பவநகர் மகாராஜா, வெள்ளை நிற வெளிமான்களைக் கொண்டுவந்து விட்டார். புள்ளிமான்கள் அதற்குச் சற்று முன்புதான் கிண்டிக்கு வந்தவை என்கிறார்கள்.

வந்தவை பெருகின. வெளிமானுக்குத்தான் திண்டாட்டம். அதற்கு வேண்டியது வெட்டவெளிப் புல்தரை. துரைமார்கள் குதிரை மேல் ஏறிப் போலோ விளையாடிய மைதானம்தான் அதற்குப் பிடித்த இடம். மரமும் புதரும் மண்டினால் ஓட இடமில்லை. புள்ளிமானோ புதரிலும் பிழைத்துக்கொள்ளும்.

எமன் வேறு ரூபத்திலும் வருகிறான். தெருநாய் ஒன்று. பிளாஸ்டிக் பை இன்னொன்று. பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களை அறுத்துப் பார்த்தபோது, வயிற்றுக்குள் பிளாஸ்டிக் உருண்டை இருந்த சேதி பல முறை வந்திருக்கிறது. உப்பு ஒட்டிய சிப்ஸ் பாக்கெட்டை மான் நக்கும். நக்கினது உள்ளே போய்விடும்.

போகிறவர்களுக்கு

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் போகிற பஸ்கள் முன்பு மாதிரி கோயம்பேட்டில் கொண்டுபோய் விடுவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். பழைய நினைப்பில் கோயம்பேட்டில் காத்திருக்கச் சொல்லி, மச்சானை அலைய வைத்தவர்கள் உண்டு.

சிறுவர் பூங்காவை 30 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்து 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. பொரி, முறுக்கு, பிளாஸ்டிக் பை இவற்றைப் பெரியவர்களே பையோடு வைத்துக்கொள்வது நல்லது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் நீட்டுவதைத்தான் மான் முதலில் தின்கிறது.