மூன்று பிள்ளைகள், மூன்று உயரங்கள்

தீம் பார்க் விடுமுறையின் வெற்றி தோல்வி பிள்ளைகளின் வயதில் இல்லை. கிளம்புமுன் வீட்டுச் சுவரில் போட வேண்டிய பென்சில் கோட்டில் இருக்கிறது

விடுமுறை நாளில் பகல் 12 மணிக்கு நாட்டின் எந்தப் பெரிய தீம் பார்க்கிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வியர்த்துப்போன ஒரு குடும்பம் ஒருவழியாக ரோலர் கோஸ்டரின் வாசலை எட்டுகிறது. சீருடை அணிந்த ஊழியர் பையனை அளவுப் பலகை அருகே நிறுத்துகிறார். கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு. பையன் மெல்லக் குதிகாலை உயர்த்துகிறான். அடுத்த மாதம் பதினொன்று முடிகிறது என்கிறார் அம்மா. அப்பா இவ்வளவு தூரம் வந்ததைச் சொல்லிப் பார்க்கிறார். ஊழியர் மசிவதில்லை. அன்றைய மீதிப் பொழுது எப்படிக் கழியும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தீம் பார்க்குக்கு வயது தெரியாது, உயரம்தான் தெரியும். பெரும்பாலான பெற்றோர் இதை நுழைவாயிலில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வொண்டர்லா பூங்காக்களில் டிக்கெட்டே உயரக் கணக்குதான்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம் என்பது பல ஆண்டு நடைமுறை. இரண்டு வயதிலேயே பல குழந்தைகள் 85ஐத் தாண்டிவிடுகின்றன. எனவே பெரிய சவாரி எதிலும் ஏற முடியாத பொடிசுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

முன்பெல்லாம் இவ்வளவு சிக்கல் இல்லை. தில்லி பிரகதி மைதானத்தில் 1984இல் திறக்கப்பட்ட அப்பு கர், மும்பை கோராயில் 1989இல் தொடங்கிய எஸ்ஸெல் வேர்ல்டு போன்ற முதல் தலைமுறைப் பூங்காக்கள், பொருட்காட்சி ராட்டினத்தின் பெரிய அண்ணன்கள். பாதிக்கு மேற்பட்ட சவாரிகளில் குடும்பமே ஏறி உட்காரலாம். அப்பு கர் 2008லும் எஸ்ஸெல் வேர்ல்டு 2022லும் மூடப்பட்டுவிட்டன. பின்னால் வந்தவை வேறு ரகம். கொச்சியில் 2000இல் வீகாலேண்டாகத் தொடங்கிப் பின்னர் வொண்டர்லாவான பூங்கா, பெங்களூர் - மைசூர் சாலையில் பிடதி அருகே 2005இல் வந்த அதன் தம்பி, மும்பை - புனே வழியில் கோபோலியில் 2013இல் திறந்த இமேஜிகா, சென்னையை அடுத்த திருப்போரூர் பகுதியில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா என்று எல்லாவற்றிலும் விளம்பரப் படத்தில் இருப்பது தலைகீழாகச் சுழலும் சவாரிதான். அதன் வாசலில் ஓர் அளவுப் பலகை நிச்சயம் இருக்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பையனுக்கு 11 வயது, அடுத்தவளுக்கு 7, கடைக்குட்டிக்கு 3. சராசரியாகப் பார்த்தால் மூவரின் உயரம் ஏறத்தாழ 142, 120, 95 செ.மீ. ஆனால் சராசரி என்பது ஏமாற்று எண். 11 வயதில் ஒருவன் 135இல் நிற்பான், அதே வகுப்பில் இன்னொருவன் 150ஐத் தொட்டிருப்பான். அந்த வயதில் பெண் பிள்ளைகள் பையன்களை முந்திவிடுவதும் உண்டு. ஆகவே பயணத் திட்டத்தின் முதல் வேலை ரயில் டிக்கெட் அல்ல. செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் அட்டையைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளப்பதுதான். பிறகு பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தச் சவாரிக்கு எத்தனை செ.மீ., பெரியவர் துணையோடு எது முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முடியாத சவாரியைப் பற்றிப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிட்டால் அது ஒரு செய்தி. வரிசையின் முடிவில் சொன்னால் அது அவமானம்.

அந்தக் கோட்டோடு பேரம் பேசக் கூடாது. தோளிலும் மடியிலும் வந்து பூட்டும் கம்பிகள் குறிப்பிட்ட அளவு உடலைப் பிடித்துக்கொள்ளவே வடிவமைக்கப்படுகின்றன. சவாரி திடீரென்று திரும்பும்போது சிறிய உடல் அந்தப் பிடியிலிருந்து நழுவக்கூடும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ இரண்டு செ.மீ. கூட்டித் தரும், ஆனால் பிடிக்கும் கம்பிக்கு அந்த இரண்டு செ.மீ. கிடையாது. இயந்திரமே பழுதானால் கோடும் காப்பாற்றாது என்பது உண்மைதான். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் சவாரி ஒன்று முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள், 25 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். இயந்திரத்தைச் சோதிப்பது நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டிய வேலை. குதிகாலைத் தரையில் வைக்கச் சொல்வது பெற்றோரின் வேலை.

இந்தக் குடும்பத்தில் அதிகம் இழப்பது யார்? கடைக்குட்டி என்றுதான் தோன்றும். உண்மையில் 3 வயதுக்கு நான்கு குதிரைகள் சுற்றும் ராட்டினமும், காலளவுத் தண்ணீரும், ஒரு ஐஸ்கிரீமும் போதும். மூத்தவனுக்குப் பெரிய சவாரிகள் இருக்கின்றன. மாட்டிக்கொள்பவள் நடுப்பிள்ளை. குட்டி ரயிலில் உட்கார வெட்கம், ரோலர் கோஸ்டரில் ஏற உயரம் போதாது. பொதுவாக நடப்பது என்ன? அப்பா மூத்தவனோடு போகிறார், அம்மா கைக்குழந்தையோடு உட்காருகிறார், 7 வயதுக்காரி அம்மாவின் அருகே பையைக் காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உயரத்துக்கான சவாரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

நம் குடும்பங்களிடம் இதற்கு விடை இருக்கிறது. சித்தியோ மாமாவோ கூட வந்தால் ஆளுக்கொரு பிள்ளை என்று கணக்குச் சரியாகும். தாத்தா பாட்டியை அழைத்துப் போய்ப் பை காக்க உட்கார வைப்பதும் நடக்கிறது. நாள் முழுவதும் வெயிலில் மூட்டைக்குக் காவல் இருக்க அவர்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வது நல்லது. சாமான்களுக்கு வாடகை லாக்கர் இருக்கிறது. பாட்டி கடைக்குட்டியோடு நிழலில் இருந்தால், அம்மா நடுப்பிள்ளையோடு போகலாம்.

இரண்டே பெரியவர்கள் என்றால் நாளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கதவு திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் வரிசை குறைவு. அப்போது ஒருவர் மூத்தவனோடு பெரிய சவாரிகளுக்குப் போகலாம், மற்றவர் இளையவர்கள் இருவரோடு சிறுவர் பகுதியில் இருக்கலாம். பிறகு ஆள் மாற்றம். அடுத்த ஒரு மணி நேரம் நடுப்பிள்ளைக்கு மட்டும். அவள் விரும்பும் இரண்டு சவாரிகளில் மூத்தவனும் முகம் சுளிக்காமல் கூட ஏற வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கு உணவுக்கூடத்தில் இடம் கிடைக்காது. 12 மணிக்கே சாப்பிட்டுவிட்டால் கடைக்குட்டி தூங்கவும் நேரம் கிடைக்கும். பெரும்பாலும் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. குழந்தை உணவுக்கு விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பிற்பகல் தண்ணீருக்கு. மூன்று பிள்ளைகளும் சேர்ந்து விளையாடக்கூடிய ஒரே இடம் இதுதான், அதிகக் கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். அலைக்குளத்தில் கூட்டத்துக்கு நடுவே மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. விசில் ஊதும் காவலர் நூற்றுக்கணக்கான தலைகளைப் பார்க்கிறார். கடைக்குட்டியின் தலையை மட்டும் பார்ப்பதற்கென்று ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், கையில் கைபேசி இல்லாமல் நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். நீல நிற நீச்சலுடை தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது; பளீர் ஆரஞ்சு தெரியும. பருத்தி உடையைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைக் காலையிலேயே அன்றைய உடையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதும், பெற்றோர் எண்ணை மணிக்கட்டில் அழியாத மையில் எழுதுவதும் கூட்டத்தில் தொலைந்தால் உதவும்.

இத்தனை பிரிவினை வேண்டாம் என்பவர்களுக்கு வேறு இடங்கள் உண்டு. 1996இல் திறந்த ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் படப்பிடிப்பு அரங்குகளை பஸ்ஸில் சுற்றிப் பார்ப்பதும் மேடை நிகழ்ச்சிகளும் எல்லா உயரத்துக்கும் பொது. குழந்தை நடந்து களைத்துவிடும் என்பதுதான் குறை.

கொஞ்ச நாள் பொறுத்து, பிள்ளைகள் வளர்ந்ததும் போகலாமே என்ற யோசனையும் எழும். இந்த வயதுகளில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்கிறார்கள். அந்தக் கணக்கில் நடுப்பிள்ளை 140ஐத் தொட இன்னும் மூன்றரை ஆண்டுகள் ஆகும், கடைக்குட்டிக்கு ஏழெட்டு. மூவரும் ஒரே ரோலர் கோஸ்டரில் ஏறத் தகுதி பெறும் ஆண்டில் மூத்தவன் கல்லூரியில் இருப்பான். அப்போது அவன் தீம் பார்க்குக்குப் போவது நண்பர்களோடு. எனவே காத்திருப்பதில் லாபமில்லை. இந்தக் கோடையிலேயே போகலாம், ஆளுக்கொரு சவாரியாக.