வேலைக்கு நடுவே ஐந்து நாவல்கள்

நிபோங் திபால் பைராம் தோட்டத்திலிருந்து பாலம் கடந்து தீவுக்குப் போனால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருந்தவர் எழுத்தாளர் ரெ.கார்த்திகேசு (1940-2016). அதற்கு முன் ஒலிபரப்புத் துறையில் வேலை. எழுத்தை மட்டும் நம்பி நம் நாட்டில் யார் குடும்பம் நடத்த முடியும்?

வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்பார்கள். இவருக்கோ வேலை செய்த இடமே கதையும் கொடுத்தது. ‘காதலினால் அல்ல’ நாவலின் களம் பல்கலைக்கழக வளாகம்தான். ‘அந்திம காலம்’ புற்றுநோய் கண்ட ஒரு முதியவரின் கதை. நாவல்கள் ஐந்து, சிறுகதையும் விமர்சனமும் தனி. கணினித் தமிழ் மீதும் அவருக்குப் பெரிய ஈடுபாடு. இந்த இரு நாவல்களும் ‘மதுரைத் திட்டம்’ இணைய நூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வேலை முடிந்து வந்து கைப்பேசியிலேயே படிக்கலாம். முதலில் ‘அந்திம காலம்’.