தங்கத்தோடு புதையும் தொழில் வித்தை
(நமது பங்காருபேட்டை நிருபர்)

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. தங்கம் போயிற்று, வேலை போயிற்று என்று எல்லோரும் பேசினார்கள். அத்தோடு இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 120 ஆண்டுகளாக மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வந்த சுரங்கத் தொழில் வித்தைதான் அது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு வேலையைத் தொடங்கிய பின், வட ஆற்காடு பகுதியிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைகள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் சாம்பியன் ரீப் சுரங்கத்தை 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குக் கொண்டு சென்றனர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. தங்கவயல் மொத்தம் சுமார் 800 டன் தங்கம் தந்தது.

பாறை சொல்லும் சேதி

அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கவும் செய்யும். எனவே வேலை தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பாறை கெட்டி. மந்தமாக ஒலித்தால் உள்ளே பிளவு. அதை முதலில் பெயர்த்துத் தள்ளிவிட வேண்டும். இந்த ஒலி வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ள முடியாது. மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று காது பழக வேண்டும். தவறாகக் கேட்டால் உயிர் போய்விடும்.

தொழிலாளரைக் கூண்டில் இறக்கி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. மணி ஓசையும் ஆழம் காட்டும் முள்ளும்தான் அவருக்குத் துணை. இந்த வேலைக்குச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் குலுக்கல் இல்லாமல் கூண்டை நிறுத்தும் கைப்பதம், பழைய டிரைவரின் அருகில் இருந்து பழகினால்தான் வரும்.

அறுந்த சங்கிலி

ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. பாறையில் தங்கம் குறைந்தது. சுரங்கம் மூடப்பட்டதும் கற்றுக் கொடுக்க இடம் இல்லை. கற்க ஆளும் இல்லை. தொழில் பழகுநர்களை நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிறுவனமே மூடிய பின் சட்டம் என்ன செய்யும்? அன்று வேலை நடந்த ஆழத்தில் இன்று தண்ணீர் நிற்கிறது.

இப்போது காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் இளைஞர்கள் பயணம் செய்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இரவில்தான் வீடு திரும்புகின்றனர். தாத்தாவின் தொழில் அவர்களுக்குக் கதையாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தேவை தீர்ந்துவிடவில்லை

ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் நடக்கிறது. இமயமலையில் ரயில் பாதைக்காகச் சுரங்கங்கள் குடையப்படுகின்றன. பெங்களூரிலேயே மெட்ரோ பூமிக்கடியில் ஓடுகிறது. பூமிக்கடியில் பத்திரமாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் நாட்டுக்கு இன்னும் வேண்டும்.

பாறையின் போக்கை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-ல் தங்கவயலில்தான் அமைக்கப்பட்டது. கருவிகள் அளந்தவை பதிவேடுகளில் இருக்கும். காதும் கையும் அறிந்தவை தொழிலாளியிடம்தான் இருக்கின்றன.

முன்னாள் தொழிலாளர்களைத் தகுந்த சம்பளம் கொடுத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அழைக்கலாம். அவர்கள் சொல்வதையும் செய்து காட்டுவதையும் படம் பிடித்து வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. சுரங்கம் மூடிய நாளில் 30 வயதாக இருந்தவர் இன்று 50-ஐத் தாண்டிவிட்டார். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் பலர் இன்று இல்லை. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.