எந்த நேரத்தில் நாம் உயிரோடு இருக்கிறோம்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் நம் தமிழ்க் குடும்பங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். பையனுக்கு எஞ்சினீயரிங்கா, பி.காமா? பெண்ணுக்கு நர்சிங் சரிப்படுமா? பிள்ளையையே கேட்டால், "தெரியல அங்கிள்" என்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பரிடம், "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். அவரும், "தெரியல சார்" என்பார். பதினேழு வயதிலும் அறுபது வயதிலும் ஒரே பதில் வருகிறதென்றால், கேள்வியிலேயே ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

'என் வாழ்க்கையின் நோக்கம் என்ன?' என்று உட்கார்ந்து யோசித்தால், மனசு அடுத்தவர் சொன்னதையெல்லாம் எடுத்து முன்னே வைக்கும். மரியன் மில்னர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1926-இல் வேறு வழியில் போனார். அன்றன்று தமக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது எது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தார். 1934-இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். விரும்புவதாக அவர் நினைத்திருந்தவை வேறு, நோட்டு காட்டியவை வேறு.

பின்னாளில் சிக்காகோவில் மிஹாலி சிக்சென்ட்மிஹாய் என்ற பேராசிரியர் (பெயரை எழுதுவதே ஒரு பயிற்சி!) பலரிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நிமிடத்தின் மனநிலையை எழுதச் சொன்னார். செய்யும் காரியம் நம் திறமைக்கு மிக எளிதானால் சலிப்பு, மிகக் கடினமானால் பயம். இரண்டும் ஈடாக நிற்கும்போது மனம் சிதறாது, நேரம் போவதே தெரியாது. 1989-இல் வெளியான அவர் ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் வந்ததாம். ஆனாலும் வேலையில் இருந்தவர்கள், வேறெங்காவது இருந்தால் தேவலை என்றே எழுதினார்களாம்!

இது நம் தோப்பும்படி ஹார்பரில் கண்ணால் காணக்கூடியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று குமரிக் கரை ஊர்களிலிருந்து வந்து ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் ஒருவர், வயதான ஸ்ராங்கு, என்னிடம் சொன்னார்: "கரையில நாலு நாள் நின்னா ஒடம்பு கனக்கும் சாரே. தூண்டில் எறக்கியாச்சுன்னா பசியும் தெரியாது, ராத்திரியும் தெரியாது." இதைக் கேட்டுக் கடல் வாழ்க்கையே இன்பம் என்று கவிதை பாடிவிடக் கூடாது. 2017 ஒக்கிப் புயல் அந்த ஊர்களில் எத்தனை வீடுகளை ஆளில்லாமல் ஆக்கியது! அவர்கள் போவது சோற்றுக்காக. ஆனால் சோற்றுக்கான வேலைக்குள்ளும் உயிர்ப்பு இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

நம் மொழியில் இதற்கு மிகச் சிறந்த சான்று உ.வே.சாமிநாதையர். 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். வயது 25, சம்பளம் 50 ரூபாய். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், செட்டில் ஆகிவிட்டார். அக்டோபர் 21 அன்று, அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு அவற்றில் பழக்கமே இல்லை.

'இந்த மனிதர் நம்மை மதிக்கவில்லை' என்று அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முதலியார் கொடுத்த பிரதியைப் பிரித்தார். பல இடம் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் அலங்காரம் செய்திருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான கொண்டாட்டமாம்! தமக்குப் புரியாத நூல் ஒரு வீட்டில் விழாவாக இருப்பதைக் கண்ட அந்த வேளையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதன்பின் ஏடு தேடல், பாடபேதம் பார்த்தல், பணமுடை என்று ஏழு ஆண்டுகள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

முதல் ஷோ சினிமாவிலும்தான் சந்தோஷம் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? சினிமா நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. சிந்தாமணி அவரை உழைக்கச் சொன்னது, அவரும் மறுநாள் மறுபடி அதனிடம் போனார். கல்லூரி வேலையையும் அவர் விடவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கணிதமேதை ராமானுஜன்கூட 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தான். மாதம் 30 ரூபாய். சம்பளம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று நடந்தது.

நானும் ஓய்வு பெற்றபின் ஒரு நோட்டுப் போட்டேன். மூன்றே குறிப்புகள்: இன்று எப்போது நேரம் மறந்தது, அப்போது கை என்ன செய்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள். பெருமைக்குரிய பதிலை எழுதக் கூடாது, நடந்ததைத்தான் எழுத வேண்டும். முப்பது ஆண்டு ஐலண்டில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதியவன் நான். கோயில் கமிட்டி, பங்கு மார்க்கெட் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன். எட்டு வாரத்தில் ஆறு முறை வந்தது, மலையாள மீடியத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அ, ஆ எழுதக் காட்டிய மணி நேரம். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு றகரம் பிரச்சினையில்லை, மலையாளத்திலும் உண்டு. எழுத்தில் க ஒன்றே ஒன்றுதான் என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். "அப்போ 'ga' எப்படி எழுதுவீங்க மாமா?" என்று ஒரு வாண்டு விடாமல் கேட்கிறது. அதற்குத்தான் தொல்காப்பிய உரையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.