குரல் யாருக்குச் சொந்தம்?

எதிர் வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் காது மட்டும் பாம்புக் காது! 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் மாலை, அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். காலேஜில் படிக்கும் பேரன் கம்ப்யூட்டரில் 'ஃபோர்ட்நைட்' என்ற விளையாட்டில் மும்முரமாக இருந்தான். அவன் இங்கிலீஷில் ஏதேதோ கேட்க, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு கனத்த குரல் பதில் சொல்லிக் கொண்டிருந்தது. நடுநடுவே 'உஸ்... உஸ்...' என்று பெருமூச்சு வேறு.

"யாருடா அது? பாவம், இப்படி இழுக்கிறதே! ஆஸ்துமாவா?" என்றாள் பாட்டி.

"அது டார்த் வேடர், பாட்டி. 'ஸ்டார் வார்ஸ்' படத்து வில்லன்" என்றான் பேரன்.

"இந்த நேரத்துக்கு உன்னோடு பேச அவனுக்கு வேறே வேலை இல்லையா?"

"பேசறது அவர் இல்லை, பாட்டி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் போன செப்டம்பரிலேயே செத்துப் போயிட்டார்!"

பாட்டி டபராவைக் கீழே வைத்துவிட்டாள்.

செத்தவர் பேசுவதாவது! பேயா, பிசாசா? இரண்டும் இல்லை. செயற்கை நுண்ணறிவு என்ற விஞ்ஞானச் சரக்கு வீடியோ விளையாட்டுத் தொழிலுக்குள் நுழைந்து செய்து வரும் மாறுதல்களில் இதுவும் ஒன்று. பிள்ளைகளின் விளையாட்டு விஷயம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதில் மனிதர்களின் பிழைப்பும் மானமும் அடங்கியிருக்கின்றன.

நாலு பிசாசுகள்

விளையாட்டு யந்திரத்துக்கு 'புத்தி' வைப்பது புதிய காரியம் அல்ல. 1980-இல் ஜப்பானில் நாம்கோ கம்பெனியைச் சேர்ந்த தோரு இவாதானி என்பவர் 'பாக்மான்' விளையாட்டை உருவாக்கினார். அந்தக் காலத்து விளையாட்டுக் கூடங்களெல்லாம் ஆண் பிள்ளைகளின் கோட்டையாக இருந்தன. பெண்களும் வந்து ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சண்டையை விட்டுவிட்டு, சாப்பாட்டை மையமாக வைத்து விளையாட்டை அமைத்தார். (பெண்கள் என்றால் சாப்பாட்டு ஞாபகம்தானா என்று வாசகிகள் கோபிக்கலாம். அவரோடு நான் வாதாட முடியாது!)

வாயைத் திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளை விழுங்கும் பாக்மானை நாலு பிசாசுகள் துரத்தும். நாலுக்கும் நாலு குணம். ஒன்று நேரே துரத்தும். இன்னொன்று நாம் போகப் போகிற வழியில் முன்னாலேயே போய் மறிக்கும். மூன்றாவது, முதல் பிசாசு இருக்குமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வளைக்கும். நாலாவது கிட்டே வந்ததும் பின்வாங்கிவிடும். பார்ப்பதற்கு அவை யோசிப்பது போலவே இருக்கும். உண்மையில், மனிதர் ஒருவர் எழுதி வைத்த விதிகளின்படியே அவை நடக்கின்றன.

பாத்திரங்கள் பேசத் தொடங்கிய பிறகும் இதே கதைதான். எழுத்தாளர் எழுதுவார், நடிகர் மைக் முன்னால் நின்று பேசுவார், அதைப் பதிவு செய்து வைப்பார்கள். 2018-இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற விளையாட்டுக்குச் சுமார் 1,200 நடிகர்கள் உழைத்தார்கள். அவர்களில் 700 பேருக்கு வசனம் உண்டு. வசன வரிகள் மட்டும் ஐந்து லட்சம்! எத்தனை குடும்பங்களில் அதனால் அடுப்பு எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிஷ்யனும் முகமூடியும்

இப்போது வந்திருக்கும் யந்திரம் வேறு தினுசு. ஒருவருடைய பேச்சுப் பதிவுகளை அதற்குக் கேட்கக் கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் சுருதி ஏறுகிறது, எங்கே நிறுத்துகிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார் என்பதையெல்லாம், குருவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணும் சிஷ்யனைப் போல அது பிடித்துக் கொள்கிறது. பிறகு எந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தாலும் அதே குரலில் பேசிவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. அதில் நிஜ நடிகர் ஒருவர் அழுது, சிரித்து, உணர்ச்சியோடு பேசுவார். யந்திரம் அவருடைய குரலின் மேல் வேறொருவர் குரலை முகமூடி போல மாட்டிவிடும். நடிப்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது.

பேரன் பேசிக்கொண்டிருந்தது முதல் வகையோடு. என்ன பதில் சொல்வது என்பதைக் கூகிளின் 'ஜெமினி' யோசித்துக் கொடுத்தது. அதற்கு 'இலெவன்லாப்ஸ்' கம்பெனியின் கருவி குரல் கொடுத்தது. எழுத்தாளரும் இல்லை, நடிகரும் இல்லை! விட்டால் வில்லன் வாயில் என்ன வேண்டுமானாலும் வரும் அல்லவா? வந்தது. விஷமக்கார விளையாட்டு வீரர்கள் சிலர் அவரைக் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டார்கள். எபிக் கேம்ஸ் கம்பெனியார் அவசரம் அவசரமாகப் பழுது பார்த்தார்கள்.

பேசாத பையன்

இந்த இடத்தில் அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் 1931-இல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் பிறந்த நீக்ரோவர். இப்போது கறுப்பினத்தவர் என்று சொல்வதே மரியாதை. சிறு வயதில் அவருக்குத் திக்குவாய். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று சுமார் எட்டு வருஷம் பேச்சையே நிறுத்திவிட்டார். ஹைஸ்கூலில், பையன் ரகசியமாகக் கவிதை எழுதுகிறான் என்பதைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியர், அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லச் செய்தார். பையன் திக்காமல் சொல்லி முடித்தான்!

அந்தப் பையன்தான் 1977-இல் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தார். கறுப்பு அங்கியும் முகமூடியும் அணிந்து நடித்தவர் வேறொருவர். முதல் படத்துக்கு ஜோன்ஸ் வாங்கிய சம்பளம் 7,000 டாலர்.

வயதான பிறகு, தம் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து குரலை உண்டாக்கிக் கொள்ள அவரே சம்மதித்தார். 2022-இல் வந்த 'ஓபி-வான் கெனோபி' என்ற டெலிவிஷன் தொடருக்கு அந்த வேலையைச் செய்தது உக்ரைன் தேசத்து 'ரெஸ்பீச்சர்' கம்பெனி. அந்த வருஷம் பிப்ரவரியில் ஊரில் யுத்தம் மூண்டபோதும் ஊழியர்கள் வேலையை நிறுத்தவில்லை. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி, தமது 93-வது வயதில் ஜோன்ஸ் காலமானார். ஃபோர்ட்நைட்டில் அவர் குரலைப் பயன்படுத்தக் குடும்பத்தார் அனுமதி அளித்தார்கள்.

பின்னே, தகராறு எங்கே வந்தது? அமெரிக்க நடிகர் சங்கமான 'சாக்-ஆஃப்ட்ரா' அதே மே மாதத்தில் தொழிலாளர் வாரியத்திடம் புகார் கொடுத்தது. தங்கள் குரலை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க நடிகர்களுக்கும் வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. அதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் ஜோன்ஸைப் போலவே பேசி, வீடியோ விளையாட்டுகளில் வேடருக்குக் குரல் கொடுத்து வந்த நடிகர்கள் இருந்தார்களே, அவர்கள் செய்த வேலையை, சங்கத்தோடு பேசாமலேயே யந்திரத்துக்குக் கொடுக்கலாமா என்பதுதான் அதன் கேள்வி. இறந்தவர் சம்மதித்தார், இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை!

பதினொரு மாதப் போராட்டம்

அந்தப் புகார் வந்தபோது விளையாட்டு நடிகர்கள் ஏற்கெனவே வேலை நிறுத்தத்தில் இருந்தார்கள். 2024 ஜூலை 26-இல் தொடங்கிய அந்த வேலை நிறுத்தத்துக்கு முக்கியக் காரணம் செயற்கை நுண்ணறிவுதான். குரல் கொடுப்பவர்கள் மட்டுமல்ல. உடம்பெல்லாம் குறிகளை ஒட்டிக்கொண்டு குதித்தும் விழுந்தும் பாத்திரங்களுக்கு அசைவு கொடுக்கும் கலைஞர்களும் அதில் சேர்ந்தவர்கள். சுமார் பதினொரு மாதம் கழித்து, 2025 ஜூனில் போராட்டம் நின்றது. ஜூலையில் 95 சதவிகிதத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு ஒப்பந்தம் நிறைவேறியது. ஒருவருடைய குரலையோ உருவத்தையோ யந்திரப் பிரதி எடுக்க வேண்டுமானால், விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். வேலை நிறுத்த காலத்தில், புதிதாக எதுவும் செய்யக் கூடாதென்று அந்தச் சம்மதத்தை நிறுத்தி வைக்கவும் நடிகருக்கு உரிமை உண்டு. சம்பளமும் உடனே 15 சதவிகிதத்துக்குச் சற்று மேலாக உயர்ந்தது.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-இல் 'தி ஃபைனல்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்ட ஸ்வீடன் தேசத்து எம்பார்க் ஸ்டூடியோ, அறிவிப்பாளர் குரல்களுக்கு யந்திரத்தைப் பயன்படுத்தியது. விளையாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் நடிகரைக் கூப்பிட்டு ஸ்டூடியோ பிடிப்பது என்றால் நாளாகும். யந்திரத்தில் உடனே முடிந்துவிடும்.

அதே வருஷம் போலந்தின் வார்ஸா நகரில் நடந்தது வேறு விதம். 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் போலிஷ் பதிப்பில் விக்டர் என்ற டாக்டர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மிவோகோஸ்ட் ரெசெக் 2021-இல் இறந்துவிட்டார். அடுத்த பாகத்தில் விக்டர் பேச வேண்டும். பழைய வசனங்களை அழித்துவிட்டு வேறொருவரைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, இன்னொரு நடிகரை அமர்த்திப் பேசச் சொல்லி, அதன் மேல் ரெசெக்கின் குரலை மாட்டினார்கள். குடும்பத்தையும் கேட்டாயிற்று, உயிரோடு இருக்கும் கலைஞருக்கும் வேலை கிடைத்தது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டுக்கு, காலஞ்சென்ற பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ. ஆர். ரஹ்மான் இந்த முறையில் கொண்டு வந்தார். குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்றதாகவும் உரிய சன்மானம் அனுப்பியதாகவும் அவரே தெரிவித்தார்.

இதில் அதுவரை நடந்திருந்ததையெல்லாம் அன்று பாட்டிக்கு எட்டும்படி பேரனும் நானும் சொல்லி முடித்தோம். பேரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உன் குரலையும் பதிவு பண்ணி வச்சுக்கட்டுமா, பாட்டி? உனக்கு அப்புறமும் நீ எங்களோட பேசிக்கிட்டே இருக்கலாம்!" என்றான்.

அவனுடைய அம்மா, "என்ன பேச்சுடா இது!" என்று சமையலறையிலிருந்து அதட்டினாள். பாட்டிக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வச்சுக்கோடா, கண்ணா. ஆனா, நான் சொல்லாத வார்த்தையை என் வாயிலே போடாதே" என்றாள்.