ஸ்விங் நடன வகுப்பு: இடைநிலையில் தேங்கும் கால்கள்

ஸ்விங் நடனத்தை இன்று பெரும்பாலோர் கூட்டு வகுப்பில்தான் கற்கிறார்கள். நியூயார்க், லண்டன், ஸ்டாக்ஹோம், சியோல் என எந்த நகரத்தை எடுத்தாலும் வகுப்பின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், நான்கு அல்லது ஆறு வாரத் தொடர். ஜோடியோடு வர வேண்டியதில்லை. முன்பு ஆடிப் பழகியிருக்கவும் வேண்டாம். சில இடங்களில் வாராந்தர நடன இரவு தொடங்கும் முன்பே புதியவர்களுக்கு ஒரு சிறு வகுப்பு நடக்கும். அதில் கற்ற இரண்டே அடிகளை வைத்துக்கொண்டு அன்றே தளத்தில் இறங்கிவிடலாம். ஸ்விங் என்ற பெயரின்கீழ் சார்ல்ஸ்டன், பல்போவா, ஷாக் என்று பல நடனங்கள் உண்டு. வகுப்புகளில் மிகுதியாகச் சொல்லித் தரப்படுவது, 1920களின் இறுதியில் ஹார்லெமின் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய லிண்டி ஹாப்.

அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் எந்த வகுப்புக்கும் போனவர்கள் அல்லர். லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141ஆம் தெருக்களுக்கு நடுவே 1926 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட சவாய் பால்ரூம்தான் அவர்களுடைய பள்ளிக்கூடம். ஒரு தெருத்துண்டு முழுவதும் நீண்ட மரத்தளம். இரண்டு இசை மேடைகள். ஒரு குழு ஓயும்போது மற்றது தொடங்கிவிடும் என்பதால் இரவு முழுக்க இசைக்கு இடைவெளி இல்லை. தளத்தின் ஒரு மூலை சிறந்த ஆட்டக்காரர்களுக்கு உரியது. மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்; பார்த்ததை வீட்டில் முயல்வார்கள்; அடுத்த வாரம் தங்கள் பாணியில் மாற்றிக் கொண்டுவருவார்கள். பிற்காலத்தில் உலகமே ஆசானாகக் கொண்டாடிய ஃபிராங்கி மேனிங் (1914–2009) சிறுவயதில் உடல் விறைப்பாக இருக்கிறது என்று தன் தாயாலேயே சொல்லப்பட்டவர். துடைப்பத்தையும் நாற்காலியையும் ஜோடியாக வைத்துக்கொண்டு அறைக்குள் பழகியவர். 1935இல் ஃப்ரீடா வாஷிங்டனோடு சவாயில் முதன்முதலாக ஜோடியை முதுகுக்கு மேலாகச் சுழற்றி இறக்கிக் காட்டியவரும் அவரே. 1941இல் வெளிவந்த 'ஹெல்சாபாப்பின்' படத்தில் அவர் குழு ஆடும் காட்சியை இன்றும் மாணவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இசை மாறியது. பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன. 1958இல் சவாய் மூடப்பட்டு, அந்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. மேனிங் தபால் துறையில் வேலைக்குப் போனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. 1980களில் பழைய படங்களைப் பார்த்து ஆர்வம் கொண்ட கலிஃபோர்னியா, ஸ்வீடன் இளைஞர்கள் அந்தத் தலைமுறையில் எஞ்சியிருந்தவர்களைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆல் மின்ஸ் 1984இல் ஸ்டாக்ஹோம் சென்று கற்றுக்கொடுத்தார். மேனிங்கின் கதவு 1986இல் தட்டப்பட்டது. 1982இல் ஸ்வீடனின் ஹெராங் கிராமத்தில் சிறிதாகத் தொடங்கிய கோடை முகாம் பின்னர் பல நாட்டவர் வாரக்கணக்கில் தங்கிக் கற்கும் இடமாக வளர்ந்தது. இன்றைய கூட்டு வகுப்பின் வடிவம் இந்த மீட்பின் விளைவு. பார்த்துக் கற்ற ஒரு நடனத்தை, பார்க்க யாரும் இல்லாத ஊர்களில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. மேனிங்கோ கற்பிக்கும்போது எண்ணைவிட அதிகமாக வாயாலேயே தாளத்தைப் பாடிக் காட்டுவார். பாட்டு போய் எண் மட்டும் எஞ்சியதில்தான் இப்போதைய சிக்கல் தொடங்குகிறது.

தொடக்க வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் கால் வைக்கும் முறைக்குக்கூடப் போகாது. முழங்காலைத் தளர்த்தி, எடையைப் பாதத்தின் முன்பகுதிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு அடிக்கும் உடல் கீழ்நோக்கி மெல்லத் துள்ளப் பழக்குவார்கள். இந்தத் துள்ளல் இல்லாமல் ஆடுவது எதுவும் லிண்டி ஆகாது. அடுத்தது கைதட்டல். ஆதி தாளத்தில் முதல் எண்ணில் தட்டிப் பழகிய கைக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். ஜாஸில் தட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். அதன் பிறகே அடிவைப்பு. ஆறு எண்ணிக்கை அடிப்படையில் இரண்டு ட்ரிபிள் ஸ்டெப், ஒரு ராக் ஸ்டெப். இரண்டு எண்ணிக்கைக்குள் மூன்று அடி வைப்பது ட்ரிபிள். ஒரு காலைப் பின்னால் வைத்து மறுகாலுக்குத் திரும்புவது ராக். ஆட்டத்தை நடத்துபவர் 'லீட்', அதை ஏற்று ஆடுபவர் 'ஃபாலோ'. முன்பெல்லாம் ஆண் லீட், பெண் ஃபாலோ என்று இருந்தது. இப்போது பல வகுப்புகள் யார் எந்தப் பங்கை எடுப்பது என்பதை அவரவரிடமே விட்டுவிடுகின்றன. இரண்டையும் கற்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். புதியவர்களுக்குப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டுகள். நடன இரவில் 200 வரை சாதாரணமாகப் போகும்; ஹெல்சாபாப்பின் காட்சியின் வேகம் 300க்கு அருகில்.

கூட்டு வகுப்பின் உயிர், ஜோடி மாறுவதில் இருக்கிறது. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். லீட்கள் அசையாமல் நிற்க, ஃபாலோக்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடுத்தவரிடம் நகர்வார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரின் கைகளை உணர்ந்துவிடலாம். ஒருவர் விரலை இறுகப் பிடிப்பார், இன்னொருவரின் கை தொய்ந்து கிடக்கும், மற்றொருவர் தாளத்துக்கு முன்னே ஓடுவார். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும்போதுதான் எது தன் தவறு, எது எதிரிலிருப்பவரின் பழக்கம் என்பது பிடிபடுகிறது. கணவனும் மனைவியுமாக வந்து வட்டத்தில் சேராமல் ஓரமாக ஆடுபவர்கள் மெதுவாகத்தான் முன்னேறுவார்கள் என்பது ஆசிரியர்களின் பொதுவான அனுபவம். அவர்கள் ஒருவர் தவறுக்கு மற்றவர் பழகிவிடுகிறார்கள். கையை இழுத்தோ முறுக்கியோ நடத்துவது தோள்பட்டையைக் கெடுக்கும். வலித்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. வியர்க்கும் என்பதால் மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எட்டு எண்ணிக்கை வரும். அதன் மையம் ஸ்விங் அவுட். இருவரும் நெருங்கி, ஒருவரையொருவர் சுற்றி, நான்கிலிருந்து ஐந்துக்குள் அந்தச் சுழற்சியின் வேகத்தைச் சேர்த்து, எட்டுக்குள் மீண்டும் கைநீளத்துக்கு விலகும் அடி இது. ஒரு வாரத்தில் கால் கற்றுக்கொள்ளும். உடல் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும். இருபது ஆண்டு ஆடியவர்களும் ஸ்விங் அவுட் வகுப்பில் சேர்வதுண்டு.

இந்த அடி ஓரளவு கைவந்ததும் மாணவர் 'இடைநிலை' ஆகிறார். எந்தச் சமூகத்திலும் மிகப் பெரிய கூட்டம் இதுதான். மிக நீண்ட காலம் தங்கும் இடமும் இதுவே. தொடக்க வகுப்பில் வாரத்துக்கு வாரம் கண்கூடாக முன்னேறியவருக்கு இங்கே எல்லாம் நின்றுவிட்டதுபோல் இருக்கும். அந்தத் தேக்கத்துக்கு மருந்தாக வகுப்புகள் பெரும்பாலும் தருவது புதுப்புது அடிகள். முதுகுக்குப் பின்னால் கை மாற்றுவது ஒரு வாரம், இரட்டைச் சுழற்சி அடுத்த வாரம், அதற்கடுத்து ஒரு குட்டிச் சாய்ப்பு. ஒவ்வொன்றும் எண்களால் கட்டப்பட்ட தொடராக வரும். வகுப்பின் முடிவில் ஆசிரியர்கள் அதை ஒருமுறை ஆடிக் காட்ட, சுற்றிலும் கைபேசிகள் உயரும். அந்தக் காணொளிகளில் பெரும்பகுதி மறுபடி பார்க்கப்படுவதில்லை.

வகுப்புக்குள் இந்த அடிகள் அழகாகவே விழும், ஏனெனில் ஃபாலோ அடுத்து வருவது என்ன என்று அறிந்தே ஆடுகிறார். லீட் எதுவும் தெரிவிக்காவிட்டாலும் அவர் தானே சுழன்றுவிடுவார். சனிக்கிழமை இரவு, அந்த வகுப்புக்கு வராத ஒருவரோடு அதே அடியை முயன்றால் பாதியில் உடையும். பழி எப்போதும் எதிரிலிருப்பவர் மேல் போகும். ஆட்டத்தின் நடுவே அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்குபவர்களும் உண்டு. தளத்தில் இதைவிடப் பெரிய அநாகரிகம் இல்லை. அடிகளின் பட்டியல் நீள நீள, லீட்டின் மனம் அடுத்து எதைச் செய்வது என்ற கணக்கிலேயே ஓடுகிறது. இசைக்குழு சட்டென்று அடங்கி ஒரே ஒரு சாக்ஸபோன் மட்டும் ஒலிக்கும் இடத்திலும் அவர் ஏழாவது சுழற்சியை நடத்திக்கொண்டிருப்பார்.

பாட்டின் கட்டமைப்பு கடினமான கல்வி ஒன்றும் இல்லை. லிண்டி ஆடப்படும் பாட்டுகளில் மிகுதியானவை 32 பார் கொண்டவை; ஒரு பார் என்பது நான்கு தட்டு. எட்டு எட்டுப் பார்களாக நான்கு பகுதி. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஒரே மெட்டு, மூன்றாவதுக்கு வேறு. ஒரு பகுதிக்கு 32 தட்டு, அதாவது நான்கு ஸ்விங் அவுட். ஆறு எண்ணிக்கை அடிகளை மட்டும் அடுக்கினால் 32இல் அது முழுதாக அடங்காது. பகுதி முடியும் இடத்தில் கால் நடுவழியில் நிற்கும். நான்கு ஆறும் ஓர் எட்டும் சேர்த்தால் சரியாக 32. ப்ளூஸ் பாட்டுகளுக்கு 12 பார், 48 தட்டு. அங்கே எட்டு ஆறுகளும் அடங்கும், ஆறு எட்டுகளும் அடங்கும். இந்தக் கணக்கு தெரிந்தவர் மூன்றே அடிகளை வைத்துக்கொண்டு கவுண்ட் பேஸியின் ஒரு பாட்டு முழுவதையும் சலிப்பில்லாமல் ஆடிவிட முடியும். காதுக்குப் பழகிவிட்டால் கணக்கும் வேண்டாம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இடைநிலை வகுப்புகளில் பாதி நாள்கூட ஒதுக்கப்படாதது வியப்புதான்.

காரணம் வகுப்பின் பொருளாதாரத்தில் இருக்கிறது. தொடக்க நிலையில் சேர்பவர்களில் பலர் முதல் தொடரோடு நின்றுவிடுவார்கள். நன்றாக ஆடக் கற்றவர்கள் வகுப்பை விட்டுத் தளத்துக்கே போய்விடுவார்கள். மாதாமாதம் கட்டணம் கட்டிக் கூடத்தின் வாடகையைத் தாங்குபவர்கள் இடைநிலைக்காரர்களே. அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். 'இன்று மறுபடியும் ஸ்விங் அவுட்' என்று அறிவித்தால் கூட்டம் குறையும். நிலைகளைப் பிரிப்பதும் பெரும்பாலும் மாணவரின் சொந்த மதிப்பீட்டில் விடப்படுவதால், எத்தனை அடி தெரியும் என்பதே அளவுகோலாகிவிடுகிறது. புது அடிகள்தான் ஆர்வத்தைத் தக்கவைக்கின்றன, அடிகளின் வழியாகவே நுட்பத்தையும் புகட்டலாம் என்று வாதிடும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் கையில் அது உண்மையாகவும் ஆகலாம்.

மாற்று வழிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே அடியை 120, 160, 200 என்று மூன்று வேகங்களில் ஆடச் செய்வது ஒன்று: மெதுவான பாட்டில் நிதானம் இல்லாதவரும், வேகத்தில் பெரிய அடி வைப்பவரும் உடனே தெரிந்துபோவார்கள். எண் சொல்லாமல் பாட்டை மட்டும் போட்டு, பகுதி மாறும்போது கையை உயர்த்தச் சொல்வது இன்னொன்று. ஃபாலோவைக் கண்மூடி ஆடச் சொன்னால் லீட் உண்மையில் எதைத் தெரிவிக்கிறார் என்பது அம்பலமாகும். ஒரு பாட்டு முழுக்க இரண்டே அடி என்று கட்டுப்பாடு வைத்தால், முதல் நிமிடம் அவஸ்தையாகவும் பிறகு விளையாட்டாகவும் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஜோடியில்லாமல் தனியாக ஆடும் ஜாஸ் அடிகள். ஷிம் ஷாம், பிக் ஆப்பிள், டிராங்கி டூ ஆகிய தொடர்களை இடைநிலைக்காரர்கள் பெரும்பாலும் கூட்டமாக ஆடும் கொண்டாட்டம் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுகிறார்கள். தன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாதவர் இன்னொருவரை நடத்த முடியாது. அதைக் கற்றுத் தருவது தனி ஆட்டமே. சவாய்த் தலைமுறையின் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான நார்மா மில்லர் (1919–2019) தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் முகாம்களுக்குச் சென்று மாணவர்களோடு கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தலைமுறைக்கு இசையும் நடனமும் இரண்டு பாடங்களாக இருந்ததே இல்லை. சிக் வெப்பின் குழு வாசிப்பதைக் கண்முன் பார்த்து ஆடியவர்கள் அவர்கள். டிரம்மர் ஆட்டக்காரரைப் பார்த்து அடி மாற்றுவதும் உண்டு. ஒலிப்பதிவோடு மட்டும் பழகும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நேரடி இசை நடக்கும் இரவுகளைத் தவறவிடாமல் இருப்பதே அவருக்குள்ள ஈடு.

வகுப்புக்கு வெளியே செய்யக்கூடியதும் எளிது. வாரத்துக்கு ஒரு வகுப்பு என்றால் இரண்டு நடன இரவு என்ற விகிதம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அந்த இரவுகளில் தன்னைவிடத் தேர்ந்தவரோடு சில பாட்டு, புதியவரோடு சில பாட்டு ஆட வேண்டும். புதியவரோடு ஆடும்போதுதான் மனப்பாடம் செய்த தொடர்கள் கைவிடும். மிச்சம் இருப்பதே உண்மையில் கற்றது. தோலோ ஸ்வேடோ வைத்த அடிப்பாகமுள்ள காலணி சுழல்வதற்கு உதவும்; ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொண்டு முழங்காலை முறுக்கிவிடும். ஜோடியைத் தூக்கிச் சுழற்றும் அடிகளை நெரிசலான தளத்தில் யாரும் முயலக் கூடாது. அவை மேடைக்கும், சுற்றி நிற்பவர்கள் இடம் விட்டு ஒதுங்கிய வட்டத்துக்கும் உரியவை.

பணம் கட்டும் முன் வகுப்பு நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஜோடி மாற்றுவார்களா? தனி ஜாஸ் அடிகள் பாடத்திட்டத்தில் உண்டா? வகுப்பு முடிந்ததும் எண் சொல்லாமல் பாட்டைப் போட்டு ஆட நேரம் தருவார்களா? மூன்றில் இரண்டுக்கு இல்லை என்று பதில் வந்தால், அங்கே எத்தனை புது அடி சொல்லித் தந்தாலும் வேறு வகுப்பைத் தேடுவதே நல்லது.