கொசு வலையை இனாமாகக் கொடுக்கலாமா?

"இனாமாக வந்த பொருளுக்கு மதிப்பு கிடையாது" என்று சொல்வார்கள். கைக்காசு போட்டு வாங்கினால்தான் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். சும்மா கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்களாம்.

இது உண்மையா?

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பொருளாதார நிபுணர்கள். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் துப்பா என்ற இரண்டு பெண்கள்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் மலேரியா காய்ச்சல் அதிகம். அதிலும் கர்ப்பிணிப் பெண்களுக்கு அது வந்துவிட்டால் ஆபத்து. ரத்தம் குறைந்து சோகை பிடிக்கும். பிறக்கும் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். சில சமயம் உயிருக்கே மோசம் வந்துவிடும்.

மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில்தான் கடிக்கும். ஆகவே, மருந்து தோய்த்த வலைக்குள் படுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வலை நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குக் காசு வாங்கலாமா, கூடாதா என்பதில்தான் சண்டை!

"கொஞ்சமாவது காசு வாங்க வேண்டும். அப்போதுதான் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் வாங்குவார்கள். வலை வீணாகாது" என்றது ஒரு கட்சி. "ஏழைகளிடம் காசு கேட்டால் வாங்காமலே போய்விடுவார்கள்" என்றது இன்னொரு கட்சி. இரண்டும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தன.

20 ஆஸ்பத்திரிகள்

2007-ம் ஆண்டில் சோதனை நடந்தது. கர்ப்பிணிப் பெண்கள் வந்து போகும் 20 ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் 16 ஆஸ்பத்திரிகளில் வலை கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. எங்கே என்ன விலை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

சில இடங்களில் வலை இனாம். மற்ற இடங்களில் 10 ஷில்லிங், 20 ஷில்லிங், 40 ஷில்லிங் என்று விலை. (ஷில்லிங் என்பது கென்யா நாட்டு நாணயம்.) 40 ஷில்லிங் என்பதும் பெரிய விலை அல்ல. வலையின் அசல் விலையில் பத்தில் ஒரு பங்குதான்.

நடந்தது என்ன?

இனாமாகக் கொடுத்த இடங்களில் அநேகமாக எல்லாப் பெண்களும் வாங்கிக்கொண்டார்கள். 10 ஷில்லிங் என்றபோது அதிகம் குறையவில்லை. ஆனால் 40 ஷில்லிங் என்றதும், வாங்கியவர்களின் எண்ணிக்கை 100-க்கு 60 வீதம் சரிந்துவிட்டது!

காசு கொடுத்து வாங்கியவர்களாவது மற்றவர்களைவிட அதிக நோயாளிகளா? அதுவும் இல்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், இனாமாக வாங்கியவர்களைவிட இவர்களுக்குச் சோகை அதிகம் இருக்கவில்லை. விலை வைத்ததால் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் வலை போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியவில்லை.

வீடு தேடிப் போனார்கள்

இனாம் வலை மூலையில் கிடக்கிறதா, கட்டிலுக்கு மேலே தொங்குகிறதா? அதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சில வாரங்கள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், அந்தப் பெண்களின் வீடுகளுக்கே போய்ப் பார்த்தார்கள். காசு கொடுத்தவர்கள் எவ்வளவு பேர் வலையைக் கட்டியிருந்தார்களோ, அதே அளவுக்கு இனாமாக வாங்கியவர்களும் கட்டியிருந்தார்கள். கருவுற்றிருக்கும் தாய்க்குக் கொசுவின் ஆபத்தைத் தெரிவிக்க விலைச் சீட்டு தேவைப்படவில்லை!

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். விலை கொடுத்து வாங்கச் சம்மதித்த பெண்களிடம் ஒரு கூடையை நீட்டி, அதிலிருந்து ஓர் உறையை எடுக்கச் சொன்னார்கள். உள்ளே தள்ளுபடிச் சீட்டு! சிலருக்கு முழு விலையும் தள்ளுபடி. இப்படி எதிர்பாராமல் காசு மிச்சமானவர்களும் வலையை அலட்சியம் செய்யவில்லை. காசு போனதே என்பதற்காகத்தான் பொருளை மதிக்கிறோம் என்ற வாதமும் இங்கே அடிபட்டுப் போயிற்று.

அடுத்த வீட்டுக்கும் லாபம்

மருந்து தோய்த்த வலையில் உட்காரும் கொசு செத்துவிடும். ஆகவே, பலர் வலை கட்டினால் வலை இல்லாத அடுத்த வீட்டுக்காரருக்கும் நன்மை உண்டு. வலை கட்டிய கிராமங்களிலிருந்து 300 மீட்டர் தூரத்துக்குள் இருந்த வீடுகளும் பயன் அடைந்தன என்பது கென்யாவிலேயே நடந்த முந்திய ஆராய்ச்சியில் தெரிந்திருந்தது. விலை வைத்து மிச்சப்படுத்தும் சில ஷில்லிங்குகளுக்காக இந்த லாபத்தை இழப்பது நல்ல கணக்கு அல்ல.

அதற்காக எல்லாப் பொருளையும் இனாமாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜாம்பியா நாட்டின் தலைநகரான லுசாக்காவில், குடிநீரைச் சுத்தம் செய்யும் குளோரின் மருந்தை வீடு வீடாக விற்றுப் பார்த்தார்கள். அங்கே அதிக விலை கொடுக்க முன்வந்தவர்களே அதைத் தண்ணீரில் கலந்து குடித்தார்கள். அந்த மருந்தை வீடு கழுவவும் உபயோகிக்கலாமே! கொசு வலைக்கு அப்படி அன்றாட வேறு உபயோகம் குறைவு.

2007-ல் உலக சுகாதார ஸ்தாபனம், வலைகளை இனாமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கோஹன், துப்பா இருவரின் ஆராய்ச்சி முடிவு 2010-ல் அச்சில் வந்தது.

ஒரே ஒரு பயம் மட்டும் பலருக்கு மிச்சம் இருந்தது. இன்று இனாமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டால், நாளைக்குக் காசு கொடுத்து வாங்குவார்களா?

துப்பா அதையும் கென்யாவிலேயே சோதித்தார். முதல் வலையைச் சில குடும்பங்களுக்கு இனாமாகவோ மிக மலிவாகவோ கொடுத்தார். மற்றவர்களுக்குக் கூடுதல் விலை சொன்னார். ஒரு வருஷம் கழித்து எல்லோரிடமும் இரண்டாவது வலை 150 ஷில்லிங் என்று சொல்லப்பட்டது.

முன்பு இனாமாகவும் மலிவாகவும் பெற்ற குடும்பங்களே அதிக அளவில் முன்வந்து, காசு கொடுத்து வாங்கின. ஒரு வருஷம் வலைக்குள் படுத்து, அதன் சுகத்தைக் கண்டவர்கள் அவர்கள்தானே!